கொங்கு நாட்டு மரியாதைச் சொல்

ஒரே மொழி வழங்கும் நாட்டிற்குள்ளும் ஊருக்கு ஊர் பேச்சு வேறுபடும். மதுரைப் பக்கத்தார் ‘அங்கிட்டு, இங்கிட்டு’ என்பர்; நெல்லையார் ‘அண்ணாச்சி’ என்று விளிப்பர்; யாழ்ப்பாணத்தார் ‘ஓம்’ என்று உடன்படுவர். கேட்ட அளவிலேயே பேசுபவரின் ஊர் தெரிந்துவிடும். கொங்கு நாட்டாரை இவ்வாறு காட்டிக் கொடுப்பது ஒரு முழுச் சொல்லன்று. சொல்லின் இறுதியில் ஒட்டி வரும் ஒரு சிறு வால். ‘ங்க’ என்பதே அது.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் ஆகிய மாவட்டங்களும், அவற்றைச் சூழ்ந்த சில பகுதிகளும் கொங்கு நாடு எனப்படும். இந்நாட்டின் நடுவே, நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் திருப்பூர். பனியன் தொழிலால் உலகறிந்த இவ்வூரின் கடைத்தெருவில் சிறிது நேரம் நின்று கேட்டால் அந்த வால் எத்தனை இடங்களில் ஒட்டுகிறது என்பது விளங்கும். ‘இது என்ன விலைங்க?’ என்று ஒருவர் கேட்பார். ‘இருபதுங்க’ என்பார் கடைக்காரர். ‘குறைக்க முடியாதுங்களா?’ என்று கேள்வி வரும். ‘இல்லீங்க, கட்டுப்படி ஆகாதுங்க’ என்று விடை வரும். பேரம் படிவதில்லை. வாங்க வந்தவர், ‘சரிங்க, அப்புறம் வர்றேனுங்க’ என்று சொல்லிப் போய்விடுவார். ஒருவர்க்கும் மனவருத்தம் இல்லை.

‘வாங்க, போங்க, சொல்லுங்க’ எனப் பிற மாவட்டத்தாரும் பேசுகின்றனர். ‘சரிங்க’ என்பதும் எங்கும் உண்டு. ஆயினும் பிற இடங்களில் அவ்வீறு பெரும்பாலும் ஏவல் வினையோடு நிற்கும். கொங்கு நாட்டிலோ பெயர், வினை, வினா, எண், காலம் என்ற வேறுபாடு இன்றி எதனோடும் சேரும். ‘ஏனுங்க’, ‘எங்கீங்க’, ‘நாளைக்குங்க’, ‘பல்லடத்துக்குங்க’ என வரும். ‘மழை பெய்யுதுங்க’ என்றும் ஒருவர் சொல்வார். அவர் மழைக்கு மரியாதை செய்தார் என்று கொள்ளலாகாது. ‘நான் வர்றேனுங்க’ என்பவர் தம்மையே உயர்த்திக் கொண்டார் என்றும் கொள்ளலாகாது. சொல் எதைப் பற்றியதாயினும், அதற்குச் செவி கொடுத்து எதிரில் நிற்பவர் ஒருவர் இருக்கின்றார் அல்லரோ? அவர்க்கே அம்மரியாதை உரியது. பேசப்படும் பொருள் வேறு, மதிக்கப்படும் ஆள் வேறு. இவ்விரண்டையும் ஒரே சொல்லுள் அடக்கிவிட்டது கொங்கு வழக்கு. எழுத்துத் தமிழில் இதனைச் செய்ய வேண்டுமானால் ‘ஐயா’, ‘அம்மா’ என ஒரு தனிச்சொல்லைச் சேர்த்தல் வேண்டும்.

இவ்வீறு எங்கிருந்து வந்தது என்று பார்த்தல் பயனுடைத்து. ‘நீங்கள்’, ‘வாருங்கள்’ முதலியவற்றின் இறுதியில் உள்ள பன்மை ஈறே தேய்ந்து ‘ங்க’ ஆயிற்று. சிலர் நீட்டி ‘ங்கோ’ என்பர். ஆகவே எதிரில் ஒருவரே நின்றாலும் அவரைப் பலராக்கிப் பேசுவதே இம்மரியாதையின் வேர். இஃது இன்று நேற்று வந்த பழக்கமன்று. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் இலக்கண நெறியில் அடங்காது, அது வழக்கில் நிற்கும் உயர்சொல் என்று தொல்காப்பியமே கூறுகின்றது. விதி எழுத வந்த ஆசிரியர், தம் விதிக்குள் வாராத ஒன்றை ‘இது பிழை’ என்று தள்ளாமல், ‘மக்கள் மதிப்புக் கருதி இவ்வாறு பேசுகின்றனர்’ என்று இடம் கொடுத்தமை போற்றத்தக்கது. பிற்காலத்து நன்னூலாரும், மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருதலை இயல்பு என ஒப்புக்கொண்டார். ‘ஆசிரியர் வந்தார்’ என்று நாம் எழுதும்போது ஒருவரைப் பலர்பாலாற் கூறுகின்றோம். அது வழுவாயினும் அமைத்துக் கொள்ளத்தக்க வழு. இலக்கணம் தன் கண்டிப்பைத் தளர்த்திக்கொண்ட இடங்களுள் மரியாதையும் ஒன்று.

பன்மை ஏறியும் மக்களுக்கு நிறைவு வந்ததில்லை. ‘நீ’ என்பதற்குப் பன்மை ‘நீயிர்’, ‘நீர்’. ஒருவரை ‘நீர்’ என்று சொல்லிச் சொல்லி, அச்சொல்லின் உயர்வு தேய்ந்தது. உடனே ‘கள்’ என்ற மற்றொரு பன்மை ஈற்றையும் சுமத்தி ‘நீங்கள்’ என்றனர். ‘அவர்’ என்பதும் அவ்வாறே ‘அவர்கள்’ ஆயிற்று. இக்‘கள்’ ஈறு முற்காலத்தில் மாடு, மரம் முதலிய அஃறிணைப் பெயர்க்கே உரியதாய் இருந்தது. திருக்குறளிலேயே அது மக்களைக் குறிக்கும் சொற்கள் சிலவற்றில் ஏறி விட்டது. இன்று பெருமக்களின் பெயரோடு அஃது இல்லையெனில் அவமதிப்பாகக் கருதப்படுகின்றது. அஃறிணை வழியாக வந்த ஓர் ஈறு உயர்திணையின் உச்சியில் அமர்ந்த வரலாறு இது. ‘நீங்கள்’ என்பதும் போதாதென்று ‘தாங்கள்’ என்பர் சிலர். மரியாதைச் சொற்கள் கைமாறும் நாணயத்தைப் போல வழங்க வழங்கத் தேய்வன. மக்களும் புதிது புதிதாக அடித்துக்கொண்டே இருக்கின்றனர். ‘நீர்’ என்பது தமிழ்நாட்டின் பல பகுதிகளில் வழக்கொழிந்ததாயினும், யாழ்ப்பாணத்தில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் இடைப்பட்டதாய் இன்றும் வாழ்கின்றது.

இனி, சொல்லோடு சேர்ந்த நடக்கையைக் காண்போம். கொங்கு நாட்டில் ஒரு வீட்டிற்குச் சென்றவரை அவ்வீட்டார் ‘வாங்க’ என்று வாயால் அழைத்தல் வேண்டும். இருக்கை காட்டுவதும், தண்ணீர் கொடுப்பதும், உணவு படைப்பதும் அதன்பின் வருவன. திருமண வீட்டில் வாயிலில் நின்று ஒவ்வொருவரையும் ‘வாங்க’ என்பதற்கென்றே உறவினர் சிலர் நிற்பர். வந்தவரும் அவர்களைப் பார்த்து, ‘வந்துட்டோமுங்க’ என்று சொல்லியே உள்ளே செல்வர். கூட்டத்தில் ஒருவரை அவ்வாறு அழைக்கத் தவறினால், விருந்து எத்துணைச் சிறந்ததாயினும் அவர் மனம் ஆறாது. ‘வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்கலை’ என்னும் குறை, ஆண்டுக்கணக்கில் உறவை முறித்து வைத்தலும் உண்டு. சிறு குறைக்குப் பெரும் பகை என்று பிற ஊரார் நகைக்கலாம். ஆனால் திருவள்ளுவர் விருந்தோம்பலைப் பேசிய அதிகாரத்தின் இறுதிக் குறளில், முகம் சற்றே வேறுபட்டாலும் விருந்தினர் வாடுவர் என்று காட்டிவிட்டு, அடுத்த அதிகாரமாக இனியவை கூறலை வைத்தார். சோற்றை அடுத்துச் சொல்லை வைத்த அம்முறையைக் கொங்கு நாட்டார் தம் வாயிலிலேயே கைக்கொண்டுள்ளனர்.

விடைபெறும்போது ‘போகிறேன்’ என்னாது ‘வருகிறேன்’ என்பது தமிழர் அனைவர்க்கும் பொதுவான மரபு. சிறுவரைக் ‘கண்ணு’ என்றும் ‘சாமி’ என்றும் அழைப்பது கொங்கு நாட்டுப் பெரியோரின் வழக்கம். முன்பின் அறியாத பெண்ணை ‘அம்மிணி’ என்பர். தாயைப் பெற்ற பாட்டனார் ‘அப்புச்சி’; தந்தையைப் பெற்றவர் ‘அப்பாரு’. ஊரில் எல்லாரும் எல்லார்க்கும் ஏதோ ஒரு முறையில் மாமனாகவோ அண்ணனாகவோ ஆகிவிடுவர். பெயரிட்டு அழைக்கும் தேவை அரிதாகவே நேரும்.

இவ்வளவும் கேட்ட ஒருவர், கொங்கு நாட்டில் மரியாதைக்குக் குறைவே இருந்ததில்லை என்று எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் உண்மைக்கு மாறாகும். ‘ங்க’ என்னும் ஈறு எல்லாச் சொல்லோடும் சேர்ந்தது; எல்லா மனிதரோடும் சேரவில்லை. நிலமுடையவர் முன் நின்ற பண்ணையாள் சொல்லுக்குச் சொல் ‘சாமி’, ‘எசமான்’ என்பார். நிலமுடையவரோ, தம் தந்தை வயதுடைய அவரை ‘வாடா’ என்பார். பத்து வயதுப் பிள்ளையும் அவ்வாறே அழைக்கும். தோளில் துண்டு அணிதலும், காலில் செருப்பு அணிதலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டன. தேநீர்க் கடைகளில் அவர்களுக்கென்று தனிக்குவளை வைக்கப்பட்டது. தோளில் கிடந்த துண்டைப் பெரியவர் ஒருவரைக் கண்டு தானே மனமுவந்து எடுப்பது மரியாதை. எடுக்காவிடின் அடி விழும் என்று அஞ்சி எடுப்பது மரியாதையாகாது. செயல் ஒன்றே ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

புதியவரைக் கண்டவுடன் ‘நீங்க எந்த ஊருங்க? யார் வீடுங்க?’ என்று வினவும் பழக்கத்தையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். அன்பால் வினவுவோர் பலர். ஊரையும் வீட்டையும் கேட்டுச் சாதியை அறிந்து, அதன்பின் ‘ங்க’ சேர்ப்பதா விடுவதா என முடிவு செய்வோரும் இருந்தனர். இன்றும் இல்லாமற் போகவில்லை. இரண்டு ‘ங்க’ சேர்த்தே அவ்வினா கேட்கப்படுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். மரியாதையான சொற்களைக் கொண்டே மரியாதையற்ற வினாவை எழுப்ப முடியும்.

ஒருமையிற் பேசுதல் யாண்டும் இழிவென்று சொல்லவும் இயலாது. தாயை ‘நீ’ என்கின்றோம். அடியார்கள் இறைவனையும் ‘நீ’ என்றே பாடினர். ஆசிரியர் மாணவரையும், பாட்டி பேரனையும் ‘நீ’ என்பதில் அன்பு உண்டு. தோழர் இருவர் ஒருவரையொருவர் ‘டா’ என்பதில் நெருக்கம் உண்டு. அன்பின் ஒருமையையும் இகழ்ச்சியின் ஒருமையையும் பிரித்தறிவது எங்ஙனம்? ஓர் எளிய வழி உண்டு. கேட்டவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லக் கூடுமா என்று பார்த்தல் வேண்டும். தோழன் சொல்லலாம், குழந்தையும் பாட்டியை ‘நீ’ எனலாம். பண்ணையாள் சொல்லியிருந்தால் அவர் முதுகு தாங்கியிராது. மனைவி கணவனை ‘ஏனுங்க’ என்பதும், கணவன் மனைவியை ‘ஏ புள்ள’ என்பதும் பல வீடுகளில் இயல்பாகக் கருதப்படுகின்றன. அங்கும் இவ்வினாவை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இக்கேட்டை எதிர்த்தவருள் தலையாயவரும் கொங்கு நாட்டில் தோன்றியவரே. ஈரோட்டில் 1879-ஆம் ஆண்டு பிறந்த பெரியார் ஈ. வெ. இராமசாமி, 1925-ஆம் ஆண்டு தொடங்கி நடத்திய இயக்கத்திற்குச் ‘சுயமரியாதை’ என்றே பெயர் வழங்கிற்று. மேடையில் அவர் பேச்சு கடுமையானது. பிறர் மனம் புண்படுமே என்று அஞ்சி அவர் கருத்தை மென்மையாக்கியவர் அல்லர். ஆயினும் தம்மைக் காண வந்தவர் வயதிற் பேரன் போன்ற இளைஞரேயாயினும், ‘வாங்க, உட்காருங்க’ என்று பன்மையிலேயே அவர் பேசினார் என்பது அவரோடு பழகியவர் பலர் எழுதி வைத்த செய்தி. கொங்கு நாட்டு ‘ங்க’வை அவர் புதிதாகப் படைக்கவில்லை. அது நின்றுவிட்ட எல்லைக்கு அப்பால் அதனைக் கொண்டு சென்றார், அவ்வளவே. நாடு உரிமை பெற்றபின், 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்க 1989-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. 2015-ஆம் ஆண்டின் திருத்தத்தால், பொதுமக்கள் காணும் இடத்தில் ஒருவரைச் சாதிப்பெயர் சொல்லி இழித்துரைப்பதும் அச்சட்டத்தில் வெளிப்படையாகக் குற்றமாக வரையப்பட்டது. இழித்துரைத்தலைச் சட்டம் தடுக்கலாம். ‘வாங்க’ என்று சொல்லும்படி எந்தச் சட்டமும் ஒருவரை ஏவ முடியாது.

சட்டத்தோடு தொழிலும் ஒரு பக்கம் வேலை செய்தது. திருப்பூரில் 1920-களிலும் 1930-களிலும் தொடங்கிய பனியன் தொழில் சிறுகச் சிறுக வளர்ந்து, 1970-களின் பிற்பகுதி முதல் அயல்நாட்டு ஏற்றுமதியாய்ப் பெருகியது. கோவை, ஈரோடு மாவட்டப் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பூர் 2009-ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. நூல், பின்னல், சலவை, சாயம், வெட்டுதல், தையல், சரிபார்த்தல், இஸ்திரி, பேக்கிங் என ஒரு சட்டை பல கைகளிற் புகுந்து வெளிவருகின்றது. இப்பணிகள் பலவும் தனித்தனிச் சிறு கம்பெனிகளில் நடைபெறுவன. அக்கம்பெனிகளின் முதலாளியருட் பலர் முன்பு தாமும் மெஷினில் அமர்ந்து தைத்தவர்கள். வெட்டும் மேசையருகே நின்றவர்கள். ஆதலின், ‘எசமான்’ என்னும் சொல் பனியன் கம்பெனிக்குள் வேரூன்றவில்லை. ‘அண்ணா’ என்பதே முதலாளியையும், சூப்பர்வைசரையும், ஓவர்லாக் டெய்லரையும் ஒருங்கே குறிக்கும் சொல்லாயிற்று. பவர் டேபிளில் தைப்பவரின் அருகிருந்து துணி மடித்துக் கொடுக்கும் ‘கைமடி’ப் பெண் ‘அக்கா’ ஆனார். பண்ணையை விட்டுக் கம்பெனிக்கு வந்த ஒருவர்க்குச் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்பது கணக்கில் எழுதப்படும். ‘டா’ என்பது ‘அண்ணா’ ஆனது எக்கணக்கிலும் வாராது. அவருக்கு இரண்டில் எது பெரிது என்று அவரையே கேட்டல் வேண்டும்.

ஆயினும் ‘அண்ணா’ என்ற சொல்லையே முற்றும் நம்பிவிடலாகாது. ‘நம்ம தம்பிதானே’ என்று உறவு சொல்லி, இரவு ஷிப்ட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதும் உண்டு. உறவுச்சொல் மதிப்பையும் தரும். கேட்கவேண்டிய கூலியைக் கேட்கவொட்டாமல் வாயையும் கட்டும்.

தொழில் பெருகப் பெருக, மதுரை, தேனி, நெல்லை முதலிய பக்கங்களிலிருந்தும் மக்கள் திருப்பூருக்கு வந்தனர். அவர்களோடு அவர்கள் பேச்சும் வந்தது. தென்பாண்டி நாட்டார் ஒருவர், ‘ஆமா’, ‘இல்ல’, ‘தெரியாது’ என்று விடை சொல்லும்போது அதில் ஒரு குறையும் இல்லை. அவர் ஊரில் அதுவே இயல்பு. ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’ என்று கேட்டுப் பழகிய கொங்குச் செவிக்கோ அது வெட்டி எறிந்தாற்போல் ஒலிக்கும். மறுபுறம், வரிக்கு வரி ‘ங்க’ போடும் கொங்கு நாட்டாரைக் கண்டு, ‘இவர் நம்மை எள்ளுகின்றாரோ?’ என்று தெற்கத்தியார் ஐயுறுவர். தமிழர் தமிழரோடு தமிழிற் பேசும்போதே இவ்வளவு இடர்ப்பாடு. ஓர் ஊரின் இயல்பான சொல் மற்றோர் ஊரில் முரட்டுச் சொல்லாய்ப் படும் என்பதை அறிந்தவர், சினம் கொள்ளுமுன் ஒரு நொடி பொறுப்பர்.

தமிழ் அறியாதார் வந்து சேரும்போது இடர்ப்பாடு மேலும் பெருகுகின்றது. இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, மேற்கு வங்காளம், அசாம் முதலிய மாநிலத்து இளைஞரும் பெண்டிரும் திருப்பூரில் தைக்கின்றனர். சாயப்பட்டறையிலும் பின்னற்கூடத்திலும் நிற்கின்றனர். இவர்களைப் பற்றிச் சிலர் கூறும் குறை ஒன்று உண்டு: ‘வயதில் மூத்தவரைப் பார்த்து, நீ வா, நீ போ என்கின்றார்கள், மரியாதை தெரியாதவர்கள்’ என்பது. இக்குறையைச் சற்றே ஆராய்தல் வேண்டும். இந்தி மொழியில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என முன்னிலைச் சொல் மூன்று படிகளாய் உள்ளது. வங்காளத்தில் ‘துய்’, ‘துமி’, ‘ஆப்னி’. ஒடியாவில் ‘து’, ‘துமே’, ‘ஆபண’. யாழ்ப்பாணத் தமிழில் ‘நீ, நீர், நீங்கள்’ நின்றாற்போலவே இவையும் நிற்கின்றன. இம்மொழிகளைத் தாய்மொழியாக உடையவர்கள் பெரியவரை ஒருமையில் அழைப்பது பிழை என்பதை நடக்கப் பழகும் வயதிலேயே கற்றவர்கள். அவர்களுக்கு மரியாதை தெரியாது என்பது பொருந்தாது. மரியாதைக்குரிய தமிழ்ச்சொல் தெரியவில்லை என்பதே பொருந்தும்.

அச்சொல் ஏன் தெரியாமற் போயிற்று? அயல்மொழியை நூலின்றி, ஆசிரியரின்றிக் கற்பவர் காதால் கற்கின்றார். பிறர் தம்மிடம் எதைச் சொல்கின்றனரோ அதுவே அவருக்குப் பாடநூல். பணிக்கூடத்தில் அவர் காதில் முதலில் விழுவன ஏவற்சொற்கள்: ‘எடு, வை, வா, போ, சீக்கிரம் தை’. அவற்றோடு ‘டா’வும் சேர்ந்தே வருதல் உண்டு. பெயரைக் கேட்டு அறிவார் சிலரே. ‘ஏ பாய்’, ‘ஏ இந்தி’ என்று அழைத்து முடிப்பார் பலர். அவர் எதிரிலேயே தமிழர் இருவர், ‘சாப்பிட்டாச்சுங்களா?’, ‘ஆச்சுங்க’ என்று பேசிக்கொள்வர். அது தமக்குரிய சொல்லன்று என்பதே அவர் அதிலிருந்து கற்கும் பாடமாகும். நாள் முழுதும் ‘வா’ என்று கேட்டவர் ஒருநாள் வாய் திறந்து ‘வா’ என்று சொல்லும்போது, தாம் கற்பித்ததையே திரும்பக் கேட்கின்றோம் என்பதை உணராது, கற்பித்தவரே முகம் சுளிக்கின்றார். மேலே சொன்ன அளவுகோல் இங்கும் பொருந்துவதைக் காண்க. திருப்பிச் சொன்னால் பொறுக்க இயலாத சொல்லையே அவருக்குக் கொடுத்திருக்கின்றோம்.

உலகில் பிற நாட்டார் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தனர் என்பதும் அறியத்தக்கது. ஆங்கிலத்தில் இன்று எல்லார்க்கும் பொதுவாய் வழங்கும் ‘யூ’ முற்காலத்துப் பன்மைச் சொல். ஒருமைக்குத் ‘தௌ’ என்ற வேறு சொல் இருந்தது. பெரியவரை ‘யூ’ என்றும் சிறியவரைத் ‘தௌ’ என்றும் பேசிவந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர், கடவுளுக்கு முன் அனைவரும் ஒன்றே என்று கூறி, நீதிபதியையும் ‘தௌ’ என்றே அழைத்து அதனால் துன்புற்றனர். காலப்போக்கில் மக்களோ மற்றொரு வழியிற் சென்றனர். எல்லாரையும் ‘யூ’ என்று உயர்த்தி, ஒருமைச் சொல்லையே கைவிட்டனர். சுவீடன் நாட்டில் பதவிப் பெயரைச் சொல்லிப் படர்க்கையிற் பேசுவதே மரியாதையாய் இருந்தது. 1967-ஆம் ஆண்டு அந்நாட்டு மருத்துவத் துறையின் தலைவராய்ப் பொறுப்பேற்ற புரோர் ரெக்செட் என்பார், தம் அலுவலகத்தார் அனைவரையும் ஒருமைச் சொல்லால் அழைக்கப் போவதாகவும், அவர்களும் தம்மை அவ்வாறே அழைக்கலாம் என்றும் அறிவித்தார். விரைவில் நாடு முழுவதும் அவ்வழக்கம் பரவிற்று. ஒரு நாடு அனைவரையும் பன்மைக்கு ஏற்றிச் சமமாக்கியது. மற்றொரு நாடு அனைவரையும் ஒருமைக்கு இறக்கிச் சமமாக்கியது. இரண்டிலும் சொல் திரும்பி வந்தது என்பதே கருதத்தக்கது.

அதே 1967-ஆம் ஆண்டில், அப்போது சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டில் அண்ணாதுரை தலைமையில் அமைந்த அரசு, ‘ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி’ என்பவற்றுக்கு ஈடாகத் ‘திரு, திருமதி, செல்வி’ என்பவற்றை ஆட்சி வழக்கிற் கொண்டது. அரசின் தாளில் முதலமைச்சர் பெயர்க்கு முன்னும் ‘திரு’ நிற்கும். சாலை போடும் தொழிலாளி பெயர்க்கு முன்னும் ‘திரு’ நிற்கும். தமிழர் தேர்ந்தது ஏற்றும் வழியே போலும். கொங்கு நாட்டு ‘ங்க’வும் அவ்வழிக்கே ஏற்றது. அதற்கு வயது வேண்டுவதில்லை, பதவி வேண்டுவதில்லை, எதிரில் ஓர் ஆள் இருந்தாற் போதும்.

வடநாட்டுத் தொழிலாளர்க்கு இதனைக் கற்பித்தல் கடினமும் அன்று. இந்தியில் ‘ஜீ’ என்றொரு சொல் உண்டு. அது பெயரோடும் சேரும், உறவுமுறையோடும் சேரும், ‘ஆம்’ என்பதற்குரிய ‘ஹாங்’ என்னும் சொல்லோடு சேர்ந்து ‘ஹாங் ஜீ’ என்றும் வரும். கொங்கு நாட்டார் ‘ஆமாங்க’ என்பதும் அவர் ‘ஹாங் ஜீ’ என்பதும் ஏறத்தாழ ஒரே அமைப்பின. ‘உங்கள் ஊர் ஜீயே எங்கள் ஊர் ங்க’ என்று ஒருவர் ஒருமுறை சொல்லிவிட்டால், மறுநாள் காலையில் அவர் அதனைப் பேசத் தொடங்கிவிடுவார்.

பணிக்கூடத்தில் கற்காததைப் பலர் தேநீர்க் கடையிற் கற்கின்றனர். கடைக்காரர்க்கு வருபவர் எல்லாரும் காசு தருபவர். பாட்னாக்காரராயினும் பல்லடத்துக்காரராயினும், ‘டீங்களா, காபிங்களா?’ என்றே கேட்பார். சில கிழமைகள் அதனைக் கேட்ட இளைஞர், பிறிதொரு நாள் குவளையை மேசையில் வைத்துவிட்டு, ‘எவ்வளவுங்க?’ என்கின்றார்.